இரும்புக்கடை மாடியில் சனிக்கிழமை இயற்பியல் வகுப்பு: ஏழு மாதம் போய்வந்தவளின் கருத்து

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்தில் இரும்புச் சாமான் கடை ஒன்றின் மாடியில், சனிக்கிழமைதோறும் மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை இயற்பியல் வகுப்பு நடக்கிறது. மாதம் 40 வெள்ளி (ரிங்கிட்). பிள்ளையோடு பெற்றோரும் உட்கார்ந்தால் கூடுதல் கட்டணம் இல்லை. சென்ற ஜூலையிலிருந்து மகளோடு போய்வருகிறேன். கோயிலிலும் சந்தையிலும் பார்க்கிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "எஸ்.பி.எம். தேர்வுக்கு உதவுமா?" பள்ளி இறுதித் தேர்வான அதற்கென்று அங்கே எதுவும் நடத்துவதில்லை. கடந்த சில ஆண்டுகளில் திடப்பொருள்களிலும், அணுவளவு நுண்ணிய குவாண்டம் உலகிலும் ஆய்வுக்கூடங்கள் எவற்றைக் கண்டன, கண்டது மெய்தான் என்று எப்படி உறுதிசெய்துகொண்டன என்பதுதான் பாடம். கேட்டவர்களுக்கெல்லாம் நின்ற இடத்தில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவள். அப்பா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். நான் செம்பனை ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக எண்ணெய் மாதிரிகளைச் சோதித்து வருகிறேன். இயற்பியலில் பட்டம் எதுவும் கிடையாது. முதல் மாதம் மகளுக்குத் துணையாகப் போய்ப் பின்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் மாதத்திலிருந்து நோட்டுப் புத்தகத்தோடு போகிறேன். காரணம், எல்கே-99 பற்றிய வகுப்பு.

பாடம் நடத்துபவர் ஓய்வுபெற்ற இடைநிலைப்பள்ளி ஆசிரியர். எல்லோரும் சார் என்றுதான் அழைக்கிறோம். அன்று சுவரில் ஒரு படத்தைக் காட்டினார். காந்தத்தின் மேல் ஒரு சாம்பல் நிறத் துண்டு, ஓர் ஓரம் காந்தத்தைத் தொட்டபடி, மறு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. 2023 ஜூலையில் தென்கொரியக் குழு ஒன்று வெளியிட்டது. ஈயம், பாஸ்பரஸ், ஆக்சிஜன் சேர்ந்த கனிமத்தில் கொஞ்சம் தாமிரத்தைப் புகுத்தி, காற்றகற்றிய குழாயில் அடைத்து, 925 பாகையில் சுட்டு எடுத்த பொருள். அதுதான் எல்கே-99. 127 பாகை செல்சியஸ் வரை அது மீக்கடத்தி என்றார்கள். அதாவது மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும் பொருள். 1911இல் கேமர்லிங் ஓனஸ் பாதரசத்தை 4.2 கெல்வினுக்கு, அதாவது சுமார் மைனஸ் 269 பாகைக்குக் குளிர்வித்து இந்தக் குணத்தைக் கண்ட நாளிலிருந்து, சாதாரண வெப்பநிலையில் இது கிடைக்காதா என்று உலகமே தேடிக்கொண்டிருக்கிறது. சார் அடுத்து ஒரு வரைபடத்தைக் காட்டினார். சுமார் 104 பாகையை ஒட்டி மின்தடை செங்குத்தாக விழுந்திருந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

எனக்குக் கைதட்ட மனம் வரவில்லை. என் ஆய்வுக்கூடத்தில் ஈரப்பதம் பார்க்கும் அடுப்பு 105 பாகையில் நிற்கும். அந்த எண்ணைத் தினமும் பார்க்கிறவள் நான். ஆனால் கேட்கத் தோன்றியது வேறு. கையைத் தூக்கி, "சார், அந்த மாதிரியில் வேறென்ன கலந்திருந்தது?" என்றேன். அவர் எழுதுகோலைக் கீழே வைத்தார். "அதை இன்னும் பத்து நிமிடம் கழித்துச் சொல்லலாம் என்றிருந்தேன் அம்மா. நீங்கள் கேட்டுவிட்டீர்கள்" என்றார்.

கலந்திருந்தது தாமிர சல்பைடு. தயாரிக்கும் முறையிலேயே அது உபரியாக உண்டாகிறது. தாமிர சல்பைடு சுமார் 104 பாகையில் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்ளும். அப்போது அதன் மின்தடையும் சட்டென்று மாறும். பெய்ஜிங்கில் உள்ள இயற்பியல் ஆய்வுக்கழகத்தில் தாமிர சல்பைடைக் கலந்து அளந்து பார்த்தபோது அதேபோன்ற சரிவு வந்தது. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வுக்கூடத்தில் கலப்பே இல்லாமல் படிகமாக வளர்த்தார்கள். கிடைத்தது ஊதா நிறத்தில், ஒளி ஊடுருவும் படிகம். மீக்கடத்தி எங்கே, அது மின்சாரத்தையே கடத்தாத பொருள். அறிவிப்பு வந்து சில வாரங்களுக்குள் இவ்வளவும் முடிந்துவிட்டது.

இதைக் கேட்டபோது எனக்குப் பழைய சங்கதி ஒன்று நினைவுக்கு வந்தது. எண்ணெயில் அமிலம் எவ்வளவு என்று பார்க்க, மாதிரியைக் குடுவையில் நிறுத்து, ஆல்கஹால் ஊற்றி, பினாப்தலீன் சில சொட்டு விட்டு, இளஞ்சிவப்பு வரும்வரை சோடியம் ஹைட்ராக்சைடைத் துளித்துளியாக விடுவோம். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, காரச் சோப்பில் கழுவிய குடுவையைச் சரியாக அலசாமல் எடுத்துவிட்டேன். ஒட்டியிருந்த காரம் அமிலத்தின் ஒரு பங்கை முன்கூட்டியே தின்றுவிட்டது. எண் மிகவும் குறைவாக, மிகவும் அழகாக வந்தது. மேலாளர் பாராட்டினார். மூன்று நாள் கழித்து எண்ணெய் வாங்கியவர்களின் ஆய்வுக்கூடம் வேறு எண்ணைச் சொன்னது. அன்று பட்ட வெட்கம் இன்றும் மறக்கவில்லை. அந்தக் கொரிய ஆய்வாளர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நல்ல எண் வரும்போது குடுவையைச் சந்தேகிப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு இந்தப் பட்டணத்தில் வேறு எங்கும் இருப்பதாக நான் அறியவில்லை.

செய்துபார்க்கும் வகுப்புகளில் மிகச் சிறந்தது கிராஃபீன் வகுப்பு. அதை மூன்று சனிக்கிழமைகளுக்கு இழுத்தார். இழுத்தது நல்லது. முதல் வாரம் ஆளுக்கொரு துண்டு ஒட்டுநாடாவும் கொஞ்சம் கிராஃபைட் செதிலும் கொடுத்தார். ஒட்டி, மடித்து, பிரித்து, மீண்டும் ஒட்டி. 2004இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கைமும் கான்ஸ்டான்டின் நோவோசெலோவும் இப்படித்தான் ஓரணுத் தடிப்புள்ள கரித்தாளான கிராஃபீனைப் பிரித்தெடுத்தார்கள். 2010இல் நோபல் பரிசு. எங்கள் நாடாவில் இருந்ததை நுண்ணோக்கியில் பார்த்த பையன் ஒருவன், "சார், கிராஃபீன்!" என்று கத்தினான். சார் பார்த்துவிட்டு, "இது பல அடுக்கு. ஒற்றை அடுக்கைக் கண்ணால் பிரித்தறிய ஆக்சைடு பூசிய சிலிக்கான் தகடு வேண்டும், நம்மிடம் இல்லை" என்றார். பையனின் முகம் வாடியது. ஆனாலும் அந்தப் பதிலுக்காகவே 40 வெள்ளி கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

எனக்கு அப்போது அப்பாவின் கைதான் கண்முன் நின்றது. பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்புக்கு மேல் போகாமல் சீவுவார். கத்தி உள்ளே கொஞ்சம் ஆழமாகப் போனாலும் மரம் காயப்படும், அந்தக் காயத்தில் மறுபடியும் நல்ல பட்டை வளராது. விடியுமுன் நெற்றி விளக்கு வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கான மரங்களுக்கு அந்த அளவைக் கையிலேயே வைத்திருந்தார். அவர் இருந்திருந்தால் இந்த நாடாவைப் பிள்ளைகளைவிட நன்றாகப் பிரித்திருப்பார்.

இரண்டாம் வாரம் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்கள் இரண்டு கொடுத்தார். இரண்டிலும் தேன்கூடு வடிவம் அச்சாகியிருந்தது. அறைக்கு அறை இடைவெளி 2 மில்லிமீட்டர். ஒன்றின் மேல் ஒன்றை நேராக வைத்தால் எதுவும் இல்லை. மேல் தாளைக் கொஞ்சம் திருப்பியதும் பெரிய பெரிய பூக்கள் போன்ற கோலம் எழும்பியது. அம்மாவின் நைலான் புடவை கொடியில் இரண்டு மடிப்பாகக் காயும்போது வெயிலில் அலையலையாகத் தெரியுமே, அதேதான். "1.1 பாகைக்குத் திருப்புங்கள்" என்றார் சார். கோணமானியில் அதைப் பிடிக்க முடியாது. அவர் சொன்ன வழி: 30 சென்டிமீட்டர் எஃகு அளவுகோலைத் தாளின் ஓரத்தில் வைத்து, ஒரு முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை 6 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகர்த்த வேண்டும். மகள் நாக்கைக் கடித்துக்கொண்டு நகர்த்தினாள். பூக்கள் வீங்கின. ஒரு பூவின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவரை அளந்தாள். பத்து சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 2 மில்லிமீட்டர் ஐம்பது மடங்காகப் பெருகியிருந்தது. விரல் சற்று அசைந்தால் எல்லாம் சுருங்கிவிடும். அப்படி அவள் நான்கு முறை இழந்து ஐந்தாம் முறை பிடித்தாள்.

மெய்யான கிராஃபீனில் அந்த 2 மில்லிமீட்டர் இருக்கும் இடத்தில் கால் நானோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. 1.1 பாகையில் கோலத்தின் அளவு சுமார் 13 நானோமீட்டர். அந்தக் கோணத்தில் எலக்ட்ரான்கள் ஏறக்குறைய நின்றுவிடும் அளவுக்கு வேகம் குறைந்து, ஒன்றையொன்று பலமாக உணரத் தொடங்கும் என்று 2011இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் பிஸ்ட்ரிட்சரும் மெக்டொனால்டும் கணக்குப் போட்டார்கள். 2018இல் எம்.ஐ.டி.யில் பாப்லோ ஹரியோ-ஹெரேரோவின் குழு அதைச் செய்துகாட்டியது. தனியாக இருந்தால் மீக்கடத்தியாக இல்லாத இரண்டு கரித்தாள்கள், இந்தத் திருப்பத்தில் 1.7 கெல்வினில் மீக்கடத்தியாயின. அதே சில்லில் மின்னழுத்தத்தை மாற்றி எலக்ட்ரான்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்தால், ஓரிடத்தில் மின்சாரம் நின்றுபோகிறது, சற்றுத் தள்ளி தடையில்லாமல் ஓடுகிறது. புதிய பொருள் எதையும் சேர்க்கவில்லை. திருப்பியதோடு சரி. இதை மகள் வீட்டில் பாட்டிக்கு விளக்கிக்கொண்டிருந்தாள், புடவையையே மடித்துக் காட்டி.

பாட்டி என்றதும் அந்தப் பதக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில் "குவாண்டம் ஆற்றல் பதக்கம்" என்று சொல்லி 380 வெள்ளிக்கு அம்மாவிடம் விற்றுவிட்டார்கள். முழங்கால் வலி போகும் என்றார்கள். அம்மாவின் இரண்டு மாதச் சேமிப்பு அது. வலி போகவில்லை. ஆனாலும் விலை கொடுத்து வாங்கியதைக் கழற்ற மனமில்லாமல் இரவிலும் அணிந்திருந்தார். நான் அதை வகுப்புக்குக் கொண்டுபோனேன். சார் சிரிக்கவில்லை. அவர் சொன்னது: "இங்கே நாம் பார்த்த குவாண்டம் விளைவுகளுக்கு எவ்வளவு குளிரும் எவ்வளவு தனிமையும் வேண்டியிருந்தது? அம்மாவின் கழுத்தில் 37 பாகை, வியர்வை, நடை. இதில் எந்தக் குவாண்டம் தங்கும்?" அடுத்த வாரம் நண்பரிடமிருந்து கதிரியக்கம் அளக்கும் கருவி ஒன்றை வாங்கிவந்தார். மேசையில் வைத்தபோது அங்கொன்றும் இங்கொன்றுமாக டிக் என்றது. பதக்கத்தின் அருகில் கொண்டுபோனதும் மழை பிடித்தது போல் ஆயிற்று.

இந்த மாதிரிப் பதக்கங்களில் சிலவற்றில் தோரியம் என்ற கதிரியக்க உலோகம் உள்ள கனிமத்தூளைக் கலக்கிறார்களாம். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட பத்துப் பொருள்களின் பெயரைப் போட்டு, அணிய வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறது. பேராக்கில் வெள்ளீயச் சுரங்கக் கழிவுமணலில் கிடைக்கும் மோனசைட் கனிமத்திலும் தோரியம் உண்டு என்று சார் சொன்னபோது, சுரங்கத்தில் வேலை பார்த்த குடும்பத்துப் பெரியவர் ஒருவர் தலையை ஆட்டினார். அம்மா அன்றிரவே கழற்றிவிட்டார். குப்பையில் போடக்கூடாது என்று வாங்கி வைத்துக்கொண்ட சார், உரிய அரசு அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டதாகப் பிறகு தெரிவித்தார். நம் வட்டாரத்தில் இந்தப் பதக்கம் இன்னும் எத்தனை கழுத்துகளில் தொங்குகிறதோ. வயதானவர்கள் உள்ள வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

விக்னர் படிகம் பற்றிய வகுப்பு சிறியது, ஆனால் எனக்குப் பிடித்தது. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுபவை. குளிரும் இடவசதியும் இருந்தால் அவை ஒழுங்கான வரிசையில் தாமாகவே நின்றுவிடும் என்று 1934இல் யூஜின் விக்னர் சொன்னார். 2024இல் பிரின்ஸ்டனில் அலி யஸ்தானியின் குழு இரட்டை அடுக்குக் கிராஃபீனில், அணுவளவு கூர்மையான ஊசிமுனையை நகர்த்திப் படம் வரையும் நுண்ணோக்கியால் அதை நேராகப் பார்த்துவிட்டது. படத்தில் அவை முக்கோண வரிசையில் நின்றன. அதைப் பார்த்ததும் வகுப்பில் பாதிப்பேர் ஒரே குரலில் "செம்பனை!" என்றார்கள். தோட்டத்தில் ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோணமாகத்தான் செம்பனை நடுவோம். ஒரு மரத்தின் ஓலை இன்னொன்றின் வெயிலை மறைக்காத வரிசை அது. இங்கும் கேள்வி அழுக்கைப் பற்றியது. எலக்ட்ரான்கள் தாமாக வரிசையில் நின்றனவா, தாளில் உள்ள குறைகளில் சிக்கி நின்றனவா? அதனால்தான் அந்தக் குழு அணுவளவு குறைகூட இல்லாத பரப்பைத் தேடிப்பிடித்துப் படமெடுத்தது. இதை சார் அழுத்தமாகச் சொன்னார்.

2025 அக்டோபர் 7 அன்று இயற்பியல் நோபல் அறிவிப்பு வந்தது. ஜான் கிளார்க், மிஷல் டெவோரே, ஜான் மார்டினிஸ். 1984-85இல் பெர்க்லியில் செய்த சோதனைக்காக. அந்தச் சனிக்கிழமை வகுப்பு நிரம்பி வழிந்தது. மீக்கடத்திகள் இரண்டுக்கு நடுவில் மெல்லிய மின்கடத்தா அடுக்கு. கோடிக்கணக்கான எலக்ட்ரான் இணைகள் ஒரே பொருளாக நடந்துகொள்கின்றன. அந்த முழுக் கூட்டமும் ஏற முடியாத தடையைத் தாண்டாமலே அப்பால் போய்விடுகிறது. சார் இதற்குத் தேர் உவமை சொன்னார். வடம் பிடிக்கும் ஆயிரம் பேருக்கும் ஒரே நகர்வு, அந்தத் தேர் மதிலின் அந்தப் பக்கம் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று. பிள்ளைகளுக்குப் பிடித்தது. எனக்கு உவமை போதவில்லை, வழிதவறவும் வைத்தது. தேர் எங்கேயும் போவதில்லை. சுற்றில் மின்னழுத்தம் சுழியாக இருந்த நிலை மாறி, மின்னழுத்தம் தோன்றுகிறது. அளப்பது அதைத்தான். இதை நான் மூன்று முறை கேட்ட பிறகுதான் பலகையில் வரைந்தார். வரைந்த பிறகு தெளிவாக இருந்தது. முதலிலேயே வரைந்திருக்கலாம்.

ஆனால் அடுத்து அவர் சொன்னது உவமைக்கெல்லாம் மேல். அது உண்மையில் குவாண்டம்தானா, வெப்பத்தின் உதறலா என்று எப்படித் தெரிந்தது? குளிர்வித்துக்கொண்டே போனார்கள். வெப்பத்தால் என்றால், குளிரக் குளிரத் தப்பிப்பது குறைந்துகொண்டே போக வேண்டும். ஓர் அளவு வரை குறைந்தது. அதற்குக் கீழே எவ்வளவு குளிர்வித்தாலும் குறையவில்லை, கோடு படுத்துவிட்டது. பிறகு நுண்ணலை பாய்ச்சினார்கள். குறிப்பிட்ட சில அதிர்வெண்களில் மட்டும் தப்பிப்பது கூடியது. படிக்கட்டுபோல் ஆற்றல் நிலைகள் இருப்பதற்கு அதுவே சாட்சி. இவ்வளவுக்கும் வெளி இரைச்சல் உள்ளே வரக்கூடாது. கம்பிகளை நுண்ணிய தாமிரத்தூள் நிரம்பிய வடிகட்டிகள் வழியாக அனுப்பினார்கள். எங்கள் ஆலையில் சுழலி ஓடத் தொடங்கினால் நான்கு தசம நிறுவைத் தராசு தள்ளாடும், கடைசி இலக்கம் நிற்காது. கல்பலகை வைத்து, அடியில் ரப்பர் வைத்து, கதவைச் சாத்தி எடுத்த பாடெல்லாம் நினைவுக்கு வந்தது. அந்த வடிகட்டியைச் செய்த கைகளை நினைத்து எனக்குக் கண் கலங்கியது. கூகுள் நிறுவனம் 2024 டிசம்பரில் அறிவித்த 105 கியூபிட் (குவாண்டம் கணினியின் கணக்கு அலகு) கொண்ட வில்லோ சில்லும் இந்த வகைச் சுற்றின் வழிவந்ததுதான்.

குறைகளும் உண்டு. தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை திரவ நைட்ரஜன் காட்டும் நாள். ஈப்போவிலிருந்து ஒரே ஒரு குடுவை வந்தது. 1987இல் கண்டுபிடித்த, இட்ரியம், பேரியம், தாமிரம், ஆக்சிஜன் சேர்ந்த மீக்கடத்தியின் கறுப்பு வில்லை. மைனஸ் 196 பாகையில் குளிர்ந்ததும் காந்தத்துக்கு மேல் மிதந்து, தலைகீழாகப் பிடித்தாலும் விழாமல் தொங்கியது என்று சொன்னார்கள். சொன்னார்கள் என்கிறேன், ஏனென்றால் நான் பார்த்தது முதுகுகளை. இருபது நாற்காலி உள்ள அறையில் முப்பத்தொரு பேர். முன்வரிசைப் பிள்ளைகள் இரண்டு முறை பார்த்தார்கள். என் மகள் குள்ளம். எம்பி எம்பிப் பார்த்துவிட்டு, பிறகு புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வந்த காணொளியில்தான் முழுதும் பார்த்தாள். வீடு திரும்பும் வரை பேசவில்லை. மூன்று அணியாகப் பிரித்து விட்டிருந்தால் போதும். சன்னல்களை எல்லாம் திறந்துவைத்ததையும், பிள்ளைகளைக் கையுறை இல்லாமல் தொட விடாததையும் பாராட்டுகிறேன். ஆனால் அந்தக் குறை குறைதான். சாரிடம் நேரிலும் சொல்லிவிட்டேன். இனி பெயர் பதிந்து பாதிப்பாதியாக அழைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

மாற்றுக்காந்தம் என்ற புதுவகைக் காந்தத்தைப் பத்து நிமிடத்தில் முடித்தார். யாருக்கும் விளங்கவில்லை. வகுப்புக் குறிப்பு எழுத்தில் தருவதில்லை, நாமே எழுதிக்கொள்ள வேண்டும். படிக்கட்டு செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம். கலைச்சொற்களைத் தமிழில் சொல்லிவிட்டு மலாயிலும் ஒருமுறை எழுதிப்போடுவது நல்ல பழக்கம், பள்ளியில் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கிறது.

சேர நினைப்பவர்கள் படிவம் 3க்கு மேல் உள்ள பிள்ளைகளை அனுப்பலாம். அதற்குக் கீழே உள்ளவர்கள் இரண்டு மணிநேரம் உட்காரமாட்டார்கள். முதல் வகுப்புக்குக் கட்டணம் இல்லை. முன்வரிசை வேண்டுமென்றால் ஐந்தேகாலுக்கே போய்விடுங்கள். பெற்றோரும் மேலே ஏறி உட்காருங்கள், கீழே காரில் காத்திருக்க வேண்டாம். அடுத்த மாதம் நிக்கல் ஆக்சைடு மீக்கடத்திகள். 2023இல் சீனாவில் மிகுந்த அழுத்தத்தில் வைத்து 80 கெல்வினை ஒட்டிக் கண்டார்கள் என்று பலகையின் ஓரத்தில் இப்போதே எழுதிவைத்திருக்கிறார். அதன் கீழே, அழிக்காமல் விட்ட என் மகளின் கையெழுத்தில், "மாதிரி எவ்வளவு சுத்தம்?" என்று இருக்கிறது.